நிறம் பத்தாத பால்

ஆடி முதல் தேதி என் வீட்டில் கொடுத்த பாலைக் குடித்து என் மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டிவிட்டது. உதடு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஊசி போட வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் தூக்குவாளியில் என்ன என்று கேட்டீர்கள். நான் இதைச் சொல்கிறேன். என்ன செய்வது தம்பி, இந்த வாளியைப் பார்த்தால் இப்போது இதுதான் வாயில் வருகிறது. வாளி காலி. போகும்போது வெல்லப்பாகு இருந்தது. மூடியைத் திறக்க வேண்டாம், எறும்பு வரும்.

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். எனக்கு முட்டி மடங்காது. ம்.

உங்களுக்கு எந்த ஊர்? வேலூரா. அங்கே ஆடிப்பால் உண்டா? தெரியாதா. சரி. எங்கள் பக்கம் உண்டு. கல்யாணம் ஆன முதல் ஆடியில், ஒன்றாம் தேதி, மாப்பிள்ளையை அழைப்போம். தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய். வெள்ளி டம்ளரில் மாமனார் கையால் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டு, புது வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை அவர் ஊருக்குப் போய்விடுவார். பெண் மாதம் முடிகிறவரை அப்பன் வீட்டில் இருக்கும். இதுதான் வழக்கம். ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. எல்லாம் கலந்தபின், சுண்டக் காய்ச்சிய பசும்பால் ஒரு கரண்டி. என் மனைவி அப்படித்தான் செய்வாள். அப்போதுதான் அந்த நிறம் வரும். சந்தன நிறம். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

மாப்பிள்ளைக்குப் பால் ஆகாது. அங்கேதான் ஆரம்பம்.

சின்ன வயசிலிருந்தே ஆகாதாம். தயிர் ஆகாது, மோர் ஆகாது, நெய் ஆகாது. காப்பியைக் கறுப்பாகக் குடிப்பார். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோது, பழத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு பாலைத் தள்ளி வைத்தார். என் பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆறடி உயரம், பாங்கில் வேலை, ஒரு வாய்ப் பாலுக்குப் பயப்படுகிற ஆளா என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியிருப்பேன். பந்தியில். கொஞ்சம் சத்தமாக.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது என் பெண் சுகந்தி மன்னார்குடியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, பசும்பால் ஒரு சொட்டுகூட வேணாம். பால் காச்சுன பாத்திரம்கூட வேணாம். அண்ணிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள். அண்ணியிடம் சொல்லிவிட்டாளாம். எனக்குத் தகவல் மட்டும்.

அண்ணி என்றால் என் மருமகள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இவள் என்னோடு பட்டுக்கோட்டையில். சேலத்துப் பெண். அவனே பார்த்துக் கட்டிக்கொண்டான். நான் ஒன்றும் தடை சொல்லவில்லை. ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு ஆடிப்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் ஊரில் ஆடி ஒன்றுக்குத் தேங்காயைச் சுடுவார்கள். கண்ணைத் துளைத்து, உள்ளே வெல்லம், எள்ளு, பொட்டுக்கடலை எல்லாம் அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவார்கள். நான் தேங்காய் மண்டி வைத்திருப்பவன் தம்பி. பேராவூரணிச் சுற்றுவட்டக் காயெல்லாம் என் மண்டிக்குத்தான் வரும். தட்டிப் பார்த்தே காயின் வயசு சொல்வேன். தேங்காயைத் தீயில் போடுகிற ஊர்க்காரி என் வீட்டு ஆடிப்பாலைச் செய்யப்போகிறாள். எப்படி இருக்கும் எனக்கு?

அவள் என்னடாவென்றால், "செஞ்சு செஞ்சு பாத்துடலாம் மாமா. நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

முதல் நாள் வெறும் தேங்காய்ப்பால். நல்ல முற்றின காயாக நானே எடுத்துக் கொடுத்தேன். கொதிக்கிற பாகில் முதல் பாலைக் கொட்டிவிட்டாள். திரிந்துவிட்டது. வண்டல் தண்ணீர் மாதிரி அடியில் ஒன்று, மேலே ஒன்று.

"உங்க ஊர்ல காயச் சுடத்தான் தெரியும்" என்றேன்.

"சுட்ட தேங்கா ஒரு தடவ தின்னு பாருங்க மாமா. அப்புறம் பேசுங்க."

பதிலுக்குப் பதில் பேசுகிற பெண். சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் பச்சரிசியை ஊறவைத்துத் தேங்காயோடு சேர்த்து அரைத்து விட்டாள். திரியவில்லை. ஆனால் கஞ்சி. "காய்ச்சல்காரனுக்குக் குடு" என்றேன். "டம்ளர் காலியா இருக்கே மாமா" என்றாள். வெல்லத்தைக் கீழே கொட்டுவார்களா என்ன.

அப்புறம் முந்திரி. கெட்டியாக வந்தது, நிறமும் பரவாயில்லை. நாக்கில்தான் மாவு மாதிரி நின்றது. கல்யாண வீட்டுக் குருமாவில் யாரோ வெல்லத்தைப் போட்டுவிட்டது போல. அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மகன் சிங்கப்பூரிலிருந்து யோசனை சொன்னான், பாதாம்பால் டப்பாவில் கிடைக்கும் என்று. தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தோம். சுண்ணாம்பு கரைத்த தண்ணீர். வெல்லம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம், வரப்புத் தகராறு வந்த பங்காளிகள் மாதிரி சேரவே மாட்டேன் என்றது. பிறகு நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தாள். மோசமில்லை. ஆனால் குடித்தபிறகு வாய் இட்லி கேட்டது.

"குத்தம் சொல்லிச் சொல்லியே பாத்திரத்தக் கழுவி வச்ச மாதிரி ஆக்கிட்டீங்க" என்றாள்.

அந்த வாரம் மண்டியிலிருந்து தினமும் சீக்கிரம் வந்துவிட்டேன். வரத்துக் குறைவு. வேறு காரணம் இல்லை.

கடைசியில் திரும்பவும் தேங்காய்க்கே வந்தாள். பாகைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டாள். நன்றாக ஆறினபிறகு இரண்டாம் பால். அதற்குப் பிறகு முதல் பால். அடுப்பில் திரும்ப ஏற்றவே இல்லை. ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

குடித்தேன். நன்றாக இருந்தது தம்பி. பொய் சொல்லக் கூடாது. என் மனைவி செய்வதைவிட... சரி, அதை விடுங்கள்.

"எப்படி மாமா?"

"நிறம் பத்தல" என்றேன்.

அது உண்மைதான். வெல்லத்தின் பழுப்பு அப்படியே தெரிந்தது. வெள்ளி டம்ளரில் ஊற்றினால் எப்படி இருக்கும்? சம்பந்தியம்மா வேறு கூட வருகிறார்களாம். மகனைத் தனியே அனுப்பப் பயம். அவர்கள் பார்த்து, 'இவ்வளவு பெரிய தேங்காய் மண்டி, பால் தண்ணியா இருக்கே' என்று நினைத்தால்?

மண்டிக்கு ஒரு கம்பெனிக்காரன் வந்து தேங்காய்ப்பால் பவுடர் பாக்கெட் ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே தேங்காய்ப் படம். அதைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். அலமாரி மேலே வைத்துவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை.

சொன்னாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

என்ன பார்க்கிறீர்கள்? கண்டக்டரா? டிக்கெட் என்னிடம் இல்லை. முன்னால் இருக்கிறது.

ஒன்றாம் தேதி காலையில் வந்தார்கள். வாசலில் கார் நின்றது. சுகந்தி இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாதம் எங்களோடு இருக்கப்போகிறாள் என்று அவளுக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் இருந்தார். சம்பந்தியம்மா உள்ளே வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "பால் விஷயம் சொல்லிருக்குல்லண்ணே?"

"சொல்லிருக்கு, சொல்லிருக்கு" என்றேன்.

மருமகள் ஆலத்தி எடுக்க வாசலுக்குப் போனாள். நான் அடுப்படிக்குப் போனேன். பால் பெரிய பாத்திரத்தில் மூடி வைத்திருந்தது. திறந்து பார்த்தேன். பழுப்பு. அதே பழுப்பு. அலமாரி மேலே பவுடர் பாக்கெட் இருந்தது. தேங்காய்தானே? தேங்காய்ப்பாலில் தேங்காய்ப்பால் பவுடரைப் போட்டால் என்ன வந்துவிடும்? பாக்கெட்டைப் பிரித்து, இருந்ததில் பாதியைக் கொட்டிக் கலக்கினேன். நிறம் வந்துவிட்டது. சந்தன நிறம். என் மனைவி கைப்பால் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

வெள்ளி டம்ளரில் நானே ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் பின்னாலேயே வந்தாள். "மாமா, நான் ஊத்தித் தர்றேன்னு" என்று ஆரம்பித்தாள். "மாமனார் கையாலதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "பாக்கவே நல்லா இருக்கேண்ணே" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தம்பி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மாப்பிள்ளை ரெண்டு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "மாமா, இதுல..." என்றார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார். உதடு கண்ணெதிரே தடித்தது. கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. மூச்சு இழுத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. விசில் மாதிரி.

நான் நின்றேன். மருமகள்தான் ஓடினாள். கார் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். அவள் எதிர் வீட்டுக்காரனின் ஆட்டோவை எடுக்கச் சொல்லி, மாப்பிள்ளையைத் தாங்கி ஏற்றி, சுகந்தியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போகிற போதே டாக்டரோடு போனில் பேசினாளாம். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "யாருண்ணே பால் பண்ணுனது?" என்று கேட்டார்கள்.

"மருமகதான்" என்றேன்.

அது பொய்யா? பண்ணினது அவள்தான். வெல்லம் காய்ச்சினது அவள், தேங்காய் அரைத்தது அவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அவர்கள் அவளைப் பார்த்து என்னென்னவோ பேசினார்கள். கொலைகாரி என்றார்கள். வந்த இடத்தில் வஞ்சம் தீர்க்கிறாயா என்றார்கள். நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. "அசலூர்க்காரிய அடுப்படியில விட்டா இப்படித்தான்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அவளோ பதிலுக்குப் பதில் பேசுகிற பெண். அன்றைக்குப் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுகந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அப்பா, அண்ணி அப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்க ஏதாவது போட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா அடுப்படிக்குப் போறேன்?" என்றேன்.

இது பொய். இதைப் பொய் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அவள் புருஷனோடேயே மன்னார்குடிக்குத் திரும்பிவிட்டாள். முதல் ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில். எங்கள் தெருவில் இப்படி நடந்ததில்லை. டீக்கடையில் கேட்டார்கள். மண்டியில் கேட்டார்கள். "மாப்பிள்ளைக்கு லீவு இல்ல" என்றேன். லீவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எவனும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். கேட்காமல் தலையாட்டினார்கள்.

போன் செய்தால் சுகந்தி எடுத்தாள். "நல்லாருக்கேன்" என்பாள். வைத்துவிடுவாள்.

வீட்டில் மருமகள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, காப்பி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. மறுநாள் காலையில் பேப்பர் படிக்க நாற்காலிக்குப் போனேன். நாற்காலியில் அந்தப் பவுடர் பாக்கெட் உட்கார்ந்திருந்தது. எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் அதே பாக்கெட். ஊறுகாய் வைக்கிற இடத்தில். அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். மாலையில் என் செருப்பின் மேல் இருந்தது. எந்தச் சாவியை வைத்துத் திறந்தாளோ. சிரிக்காதீர்கள் தம்பி. நீங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் தெரியும். அவள் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ரெண்டு கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும்.

கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு என்ன தெரியும்? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் போடுறேன்?" என்றேன்.

"சொன்னேன்" என்றாள்.

"மிக்ஸி ஓடிச்சு."

"மிக்ஸிய நிறுத்திட்டுத்தான் சொன்னேன். 'மாமா, இந்தப் பவுடர்ல மாட்டுப்பால் சேத்துருக்காங்க, கெட்டியாகுறதுக்கு. பின்னாடி போட்டுருக்கு. வேணாம்'னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். "தேங்காயப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று சொன்னேன்.

ஆமாம். மிக்ஸி ஓடவில்லை. சொன்னாள். காதில் நன்றாகவே விழுந்தது. தேங்காய்ப் பவுடரில் மாட்டுப்பால் எங்கேயிருந்து வரும் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் தேங்காயோடு கிடந்தவனுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று நினைத்தேன். போதுமா? ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். காற்று மூஞ்சியில் அடிக்கிறது. கண்ணில் தூசி.

நேற்றுக் காலை அவளே பேசினாள். "நாளன்னைக்குப் பதினெட்டாம் பெருக்கு. சுகந்திக்குத் தாலி பிரிச்சுக் கோக்கணும். பொறந்த வீட்ல கோக்கறதுதான் உங்க வழக்கம்னு அத்த போட்டாவப் பாத்துக்கிட்டு நீங்களே பொலம்புனீங்க. நாளைக்கு மன்னார்குடி போறோம். நல்ல காயா எடுத்து வைங்க."

"அவங்க கூப்பிடல."

"கூப்பிட மாட்டாங்க. நாமதான் போகணும்."

"நீ போயிட்டு வா."

"நான் போயி என்ன சொல்லட்டும்? மாமா, உங்களக் காட்டிக்குடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். வந்து பக்கத்துல உக்காருங்க. மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க."

பாகைக் காய்ச்சி ஆறவைத்து இந்த வாளியில் ஊற்றிக்கொண்டாள். நான் காய் எடுத்தேன். மண்டியில் இருந்த அத்தனை காயையும் தட்டிப் பார்த்திருப்பேன். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

சம்பந்தி வீட்டில் கதவைத் திறந்தது சம்பந்தியம்மாதான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மருமகள் கையில் வாளியைப் பார்த்ததும் அவர்களுக்கு முகம் மாறிவிட்டது. "உங்க வீட்டுப் பண்டம் இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"எங்க வீட்டுப் பண்டம் இல்லத்தே" என்றாள் இவள். "உங்க அடுப்படி, உங்க பாத்திரம். காயும் வெல்லமும் மட்டும்தான் எங்களுது. நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. முதல்ல நான் குடிக்கிறேன். அதுக்கப்புறமும் வேணாம்னா வாசல்ல கொட்டிட்டுப் போறேன்."

அவர்கள் அசந்துபோனார்கள். அந்தச் சந்தில் இவள் உள்ளே நுழைந்துவிட்டாள். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "வாங்க மாமா" என்றார். அது போதாதா, செத்துவிடலாம் போல இருந்தது. சுகந்தி ஒரு ஓரமாக நின்றாள். மெலிந்திருந்தாள்.

இவள் தேங்காயை உடைத்தாள். துருவுமணையை எடுத்துத் தரையில் போட்டாள். "மாமா, உக்காருங்க. துருவுங்க."

தேங்காய் மண்டிக்காரன். சம்பந்தி வீட்டு அடுப்படித் தரையில். முட்டி மடங்காது என்று சொன்னேன் அல்லவா? மடக்கினேன். உட்கார்ந்து துருவினேன். எனக்குத் துருவத் தெரியாது தம்பி. லட்சம் காய் விற்றிருப்பேன், ஒன்றைத் துருவினதில்லை. ஓடும் சேர்ந்து விழுந்தது.

துருவுகிற சத்தம்தான். சம்பந்தியம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கிப் பவுடர் போட்டது நான். பால் கலந்துருக்குன்னு மருமக சொல்லுச்சு. கேக்காம நான்தான் போட்டேன்."

"என்னது?" என்றார்கள்.

"நிறம் பத்தலன்னு."

"நிறமா? நிறத்துக்கா எம்புள்ள தொண்டைய அடைச்சீங்க? நிறத்துக்கா?"

அப்புறம் திட்டினார்கள். என்னை என் அப்பாகூட அப்படித் திட்டினதில்லை. வயசு என்ன, அறிவு என்ன, அந்தப் பெண்ணைப் பலி கொடுத்துவிட்டு வாய்மூடி நின்றீர்களே நீங்கள் மனுஷனா என்று கேட்டார்கள். நான் துருவிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை, "அம்மா, போதும்மா" என்றார். போதவில்லை. இன்னும் திட்டினார்கள். மருமகள் குறுக்கே வரவில்லை. அவள் பாட்டுக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில், "முடிச்சிட்டீங்கன்னா ஏலக்கா எங்க இருக்குன்னு சொல்லுங்கத்தே" என்றாள்.

சம்பந்தியம்மா அவளையே பார்த்தார்கள். பிறகு மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்து அவர்களே ஏலக்காயைத் தட்டிக் கொடுத்தார்கள். "எம்மேல தப்பும்மா. உன்ன என்னென்னவோ பேசிட்டேன்" என்றார்கள். "அதுக்குத்தான் இன்னிக்கு மாமா வாங்கிக்கிட்டாங்கல்ல" என்றாள் இவள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். சுகந்தி கிட்ட வந்தாள். "அடுப்படிக்கே போகலன்னீங்களேப்பா" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கையில் பாதி மூடி இருந்தது. துருவ முடியவில்லை. என்ன தெரிகிறது, எது தேங்காய் எது விரல் என்று.

கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைத் தோளில் இடித்து, "நகருங்க. பூரா ஓடா விழுது" என்றாள். நகர்ந்தேன். அவள் துருவினாள்.

பால் ஆனதும் மருமகள் முதல் டம்ளரைக் குடித்தாள். அடுத்தது சம்பந்தியம்மா. ஒரு மிடறு குடித்து, கொஞ்சம் யோசித்து, மிச்சத்தையும் குடித்தார்கள். மாப்பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை. சுகந்தி கொடுத்தாள். மாப்பிள்ளை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். குடித்தார்.

நாங்கள் எல்லோரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். உதடு உதடாகவே இருந்தது.

"என்ன, எல்லாரும் என் வாயவே பாத்தா எப்படி?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு டம்ளரை நீட்டினார். "இன்னும் இருக்கா?"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்கள். "நிறம் ஒண்ணும் அப்படி மோசமில்லையேண்ணே?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்.

நாளைக்குக் காலையில் வருகிறார்கள். மூன்று பேரும். தாலி எங்கள் வீட்டில்தான் கோர்க்கப் போகிறோம். சுகந்தி மாதம் முடிகிறவரை இருப்பாளாம். என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை. கிளம்பும்போது, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். அது பேச்சில் சேருமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சேரும் என்கிறீர்கள். சரி.

அட, பட்டுக்கோட்டை வந்துவிட்டது. பேச்சில் தெரியவில்லை. இந்த வாளியைப் பிடியுங்கள், எழுந்துகொள்கிறேன். அதோ, முன்னால் பெண்கள் சீட்டில், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள் பாருங்கள், பச்சைப் புடவை. டிக்கெட் அவளிடம்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்னாலிருந்து அடுப்படியில் நின்றவள். அவளுக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். வீட்டில் அவளை எப்போதும் 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவது. பஸ்ஸில் அப்படிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பேரைச் சொல்லித்தான் எழுப்ப வேண்டும்.

கோகிலவாணி! அம்மா, கோகிலவாணி!